தோட்டத்து டவுனைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க: புதிதாக வருகிறவர்களுக்கு

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்களும் கிளினிக் ஊழியர்களும், கல்யாணமாகி இங்கே குடிவருகிறவர்களும் முதல் மாதத்திலேயே சொல்கிற வார்த்தை: "ஊர்ல ஒண்ணுமே இல்ல." காரிலேயே போய்க் காரிலேயே வந்தால் அப்படித்தான் தெரியும். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் வந்தால், நாலைந்து சிக்னல் விளக்கு தாண்டுவதற்குள் டவுன் முடிந்துவிடும். நடந்து பார்க்கலாம் என்றால் பத்து மணி வெயில் விடாது, தோட்டங்களும் தூரம். மோட்டாரில் போனால் சத்தம் கேட்டதும் ஆட்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். சைக்கிள்தான் சரிப்படும்.

ஆனால் சைக்கிளை எடுத்ததும் எல்லாம் நடந்துவிடாது. தோட்டத்து வாசலில் திருப்பி அனுப்புவார்கள், டயரில் முள் ஏறும், "யார் இந்த ஆள், எதுக்குச் சுத்துறான்" என்று கேள்வி வரும். நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். சுங்கை சிப்புட்டை வைத்துச் சொல்கிறேன். பகாவ், லுனாஸ், தெலுக் இந்தான் பக்கம் இருக்கிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள்

எல்லாரும் முதலில் சைக்கிள் வாங்குவார்கள். அதற்கு முன் எந்த நேரத்தில் கிளம்பப் போகிறீர்கள் என்று முடிவு செய்தால், எந்த சைக்கிள் வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

இங்கே சூரியன் உதிக்க ஏழு, ஏழே கால் ஆகிவிடும். தோட்டத்து ஆட்கள் அதற்கு வெகு முன்பே எழுந்துவிடுகிறார்கள். பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பேர் கூப்பிடுவதற்கு, ஆள் கூடுவது இருட்டில். அதே நேரத்தில் டவுனில் சாப்பாட்டுக் கடைகள் திறந்து, முதல் நாசி லெமாக் பொட்டலங்கள் மேசைக்கு வந்திருக்கும். ஏழு மணிக்குப் பள்ளி வேன்கள். எட்டு மணிக்கு எல்லாம் அடங்கிவிடும். ஆக, காலையில் பார்க்க வேண்டுமானால் ஆறு மணிக்குச் சாலையில் இருக்க வேண்டும், விளக்கு இல்லாமல் முடியாது.

மாலை என்றால் ஐந்திலிருந்து ஏழு வரை. பிள்ளைகள் பந்து விளையாடுவதும், கோயிலுக்குப் போகிறவர்களும், பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) கூடாரம் கட்டுகிறவர்களும் அப்போதுதான். ஆனால் மழை வருகிற நேரமும் அதுதான்.

மாதத்தின் முதல் வாரத்தைத் தவறவிடாதீர்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. அதனால் அந்த வாரத்தில் சாமான் கடை, கைப்பேசிக் கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை மூன்றிலும் கூட்டம் வழியும். ஞாயிற்றுக்கிழமை வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் புதுச்சட்டை போட்டு டவுனுக்கு வருவார்கள். முன்பு நம் ஆட்கள் இருந்த லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இப்போது பாதிக்கு மேல் அவர்கள்தான் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் கண்ணில் படும். புதன், சனி, ஞாயிறு நாலு நம்பர் குலுக்கல் நாள். அந்தக் கடை வாசலில் பத்து நிமிடம் சைக்கிளை நிறுத்தினால் போதும், மூன்று இனத்து ஆட்களும் ஒரே கவலையோடு நிற்பதைப் பார்க்கலாம்.

ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் சில வாரங்களுக்கு அதை மாற்றாதீர்கள். இன்று காலை, நாளை மாலை, ஒவ்வொரு தடவையும் வேறு தெரு என்று போனால் எத்தனை மாதம் ஆனாலும் அந்நியர்தான். ஒரே நேரத்தில் ஒரே கடை வாசலைக் கடந்தால், கடைக்காரரே ஒருநாள் கையைத் தூக்குவார்.

2. சைக்கிள் வாங்குவது

பந்தய சைக்கிள் வேண்டாம். குனிந்து ஓட்டினால் தார் ரோடுதான் தெரியும், ஆள் தெரியாது. நிமிர்ந்து உட்காரும் ஹேண்டில், செம்மண் பாதைக்குத் தாங்கும் அகலமான டயர், மட்கார்டு, கேரியர், மணி, ஸ்டாண்டு. இதில் ஸ்டாண்டைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எங்கே சாய்ப்பது என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே பேச வந்தவர் போய்விடுவார்.

டவுனில் பழைய சைக்கிளை வாங்கிச் சரிசெய்து விற்கும் கடைகள் இருக்கின்றன. நான் விசாரித்தபோது நல்ல நிலையில் உள்ளது 150 முதல் 300 வெள்ளி (ரிங்கிட்) வரை சொன்னார்கள். முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு, பூட்டு, ஹெல்மட் எல்லாம் சேர்த்து இன்னொரு 100, 150 வெள்ளி ஒதுக்குங்கள். இருட்டில் விளக்கு கட்டாயம், அது சட்டம். வாங்குவதற்கு முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கு நடுவில் ரிம் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது விட்டுவிடலாம்.

பையன்கள் ஓட்டிய 'லாஜாக்' சைக்கிள் மலிவாகக் கிடைக்கும். பிரேக்கைக் கழற்றி, ஹேண்டிலைத் தாழ்த்தி மாற்றியிருப்பார்கள். அதை வாங்காதீர்கள். போலிஸ் சோதனையில் அந்த மாதிரி சைக்கிள்களைப் பறிமுதல் செய்கிறார்கள். மின்சார ஸ்கூட்டரில் சுற்றலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2021 டிசம்பரிலிருந்து அதற்குச் சாலையில் தடை.

அப்புறம் முள். செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டையின் அடிப்பகுதியில் இருபக்கமும் முள் இருக்கும். வெட்டிய மட்டையை வரிசைகளுக்கு நடுவே அடுக்குவார்கள், டிராக்டர் ஏறி நசுக்கியதில் துண்டுகள் பாதைக்கு வந்துவிடும். காய்ந்த முள் டயரில் ஏறினால் வெளியே தெரியாது, அரை மணி கழித்துத்தான் காற்று இறங்கியிருக்கும். டயருக்கு உள்ளே போடும் பட்டை ஒன்றைக் கடைக்காரரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பம்பும் ஒரு டியூபும் கேரியரில் எப்போதும் இருக்கட்டும். தோட்டத்துக்குள் சைக்கிள் கடை கிடையாது.

ஆன்லைனில் சாமான் வாங்கினால் முகவரியில் 'உத்தாரா' (வடக்கு) என்றும் அஞ்சல் எண் 31100 என்றும் தெளிவாகப் போடுங்கள். பேராக்கில் தெற்கே இன்னொரு சுங்கை சிப்புட் இருக்கிறது.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

சைக்கிளுக்கு ரோட் டேக்ஸ் கிடையாது, ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். அதனால் பலர் எந்தக் காகிதமும் வைத்துக்கொள்வதில்லை. சைக்கிள் திருடு போனால் அப்போது தெரியும், அது உங்களுடையது என்று காட்ட ஒன்றுமே இல்லை. கடை ரசீதை வாங்குங்கள். தனி ஆளிடம் வாங்கினால் பெயர், தேதி, விலை எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு போதும். எழுதித் தர மறுத்தால் அந்த சைக்கிளைத் தொட வேண்டாம். பெடல் அச்சுக்கு அடியில், சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். போலிஸ் புகாரில் அந்த எண்தான் உதவும்.

ஐசி (அடையாள அட்டை) எப்போதும் சட்டைப்பையில். வெளிநாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவர்கள் கடப்பிதழும் விசாவும் இல்லாமல் தோட்டத்துப் பக்கம் போகவே கூடாது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகச் சோதனை நடக்கிற இடம் அது.

4. தோட்டத்துக்குள் போக அனுமதி

இதில்தான் நான் அதிகம் அலைந்தேன்.

தோட்டத்துச் சாலை பார்க்கப் பொதுச் சாலை மாதிரியே இருக்கும். தமிழ்ப்பள்ளிக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் அதே வழியில்தான் எல்லாரும் போகிறார்கள். அதை வைத்து உள்ளே இருக்கும் கிளைப் பாதைகளிலும் போகலாம் என்று எண்ண வேண்டாம். தடைக்கம்பும் ஜாகா (காவலாளி) கொட்டகையும் வந்துவிட்டால் அது தனியார் நிலம். அவர்களுக்கு இருக்கும் பெரிய தலைவலி பழத் திருட்டு. சைக்கிளில் மெதுவாக, இருபக்கமும் பார்த்துக்கொண்டு வரும் புது ஆளைக் கண்டால் நோட்டம் பார்க்க வந்தவன் என்றுதான் தோன்றும். "பழக் குலைய கணக்கு எடுக்க வந்தியா?" என்று ஒரு ஜாகா என்னிடம் நேராகவே கேட்டார். ஒரு குலை இருபது கிலோ வரும், சைக்கிளில் நான் எப்படிக் கொண்டு போவேன் என்று அவரிடம் வாதாடிப் பயனில்லை.

ஒரு தோட்டத்தில் போன் செய்தால் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. நேரில் போனால் "மேலே அனுப்பியிருக்கு" என்றார்கள். மேலே என்பது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. அப்புறம் ஒரு பெரியவர் சொன்ன வழியில் போனபோதுதான் காரியம் நடந்தது. அந்த வழி இது:

ஒரே பக்கக் கடிதம், மலாயில், தோட்ட நிர்வாகியின் பதவிக்கு முகவரியிட்டு. பெயர் போட வேண்டாம், துரைமார் அடிக்கடி மாறுகிறார்கள். உங்கள் பெயர், ஐசி எண், கைப்பேசி எண், வேலை செய்யும் இடம். எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்தப் பாதை. "எல்லாப் பாதையும்" என்று எழுதினால் கிடைக்காது. கோயில் வழியாக லயம் வரை, அங்கிருந்து பின்வாசல் வரை என்று குறிப்பாக எழுதுங்கள். ஆலை, ஆபீஸ், பழம் ஏற்றும் இடம் ஆகியவற்றைப் படம் எடுக்க மாட்டேன், விபத்து நடந்தால் என் பொறுப்பு என்று இரண்டு வரி. இந்த இரண்டு வரியைத்தான் அவர்கள் தேடிப் படிக்கிறார்கள்.

ஐசி நகலை இணைக்கும்போது குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காகக் கொடுத்தது என்று கோட்டுக்கு நடுவில் எழுதிவிடுங்கள். வேறு எதற்கும் அந்த நகலைப் பயன்படுத்த முடியாமல் இருக்கும்.

கடிதம் இரண்டு பிரதி. ஒன்றைக் கிராணியிடம் (ஆபீஸ் எழுத்தரிடம்) கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அந்த முத்திரை இருந்தால்தான் இரண்டு வாரம் கழித்துப் போய்க் கேட்கும்போது உங்கள் கடிதத்தைத் தேடுவார்கள். மாதக் கடைசியிலும் முதல் வாரத்திலும் போகாதீர்கள். செக்ரோல் (சம்பளப் பதிவு) கணக்கில் கிராணி தலை நிமிர மாட்டார். பத்தாம் தேதிக்கும் இருபதாம் தேதிக்கும் நடுவில், காலை பத்து மணிக்கு மேல் போங்கள். அதற்கு முன் நிர்வாகி வெளிக்காட்டில் இருப்பார்.

பதில் வர இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதம். பெரிய கம்பெனித் தோட்டம் என்றால் தலைமையகம் வரை போய் வரும், இன்னும் இழுக்கும். கட்டணம் எதுவும் இல்லை. யாராவது 'கோப்பிக் காசு' கேட்டால் கோபப்படாமல் ரசீது கிடைக்குமா என்று கேளுங்கள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

அனுமதி கிடைத்ததும் நகல் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். ஜாகா கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே இறங்கி, ஹெல்மட்டைக் கழற்றி, கடிதத்தைக் காட்டுங்கள். ஜாகா மாறிக்கொண்டே இருப்பார். நிர்வாகி மாறினாலும் கடிதம் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.

5. பாதை

கடிதம் வரும் வரை டவுனில் சுற்றுங்கள், அதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம். ரயில் நிலையம், பசார், கடைவீதி, கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்து, அப்புறம் தாமான் (வீடமைப்புப் பகுதி). சுற்றி வந்தால் எட்டுப் பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். பின்சந்தை விட்டுவிடாதீர்கள். முன்பக்கம் வியாபாரம்தான் நடக்கும். சமையல்காரர்கள் பீடி பிடிப்பதும், முதலாளி கடன்காரரைத் தவிர்த்து வெளியேறுவதும் பின்பக்கத்தில்.

முதலாம் எண் சாலையில் அதிக நேரம் இருக்காதீர்கள். பிளஸ் நெடுஞ்சாலை மெனோரா சுரங்கம் வழியாகப் போய்விடுகிறது. ஆனால் கந்தான் பக்கத்துக் கல், சிமெண்டு லோரிகளும் செம்பனை லோரிகளும் இந்தச் சாலையில் வருகின்றன. வளைவுகளில் லோரியிலிருந்து சிந்திய உதிரிப் பழம் கிடக்கும். சக்கரம் அதன் மேல் ஏறி நசுங்கினால் எண்ணெய்தான், சர்ரென்று வழுக்கும். நெடுஞ்சாலையில் சைக்கிள் போகவே கூடாது.

6. நிறுத்துவதும் பேசுவதும்

ஓட்டிக்கொண்டே பார்க்கிறதில் முகம் கிடைக்கும், கதை கிடைக்காது. எங்கே நிறுத்துவது, எதைச் சொல்லி நிறுத்துவது என்பதுதான் விஷயம். எனக்குத் தெரிந்த எளிய வழி எதையாவது வாங்குவது.

கடைவீதி அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) ஒரு பாட்டி சாக்கு விரித்துக் கீரை விற்கிறார். ரஃபியா கயிற்றின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றி, மறுமுனையை இழுத்து, முருங்கைக்கீரையைக் கட்டிக்கொண்டே வருவார். கண் கீரைக்கட்டின் மேல் இருக்காது, தெருவில் இருக்கும். யார் எந்தப் பக்கம் போனார், யார் வீட்டில் விசேஷம், எந்தத் தோட்டத்து வேன் இன்று வரவில்லை எல்லாம் அவருக்குத் தெரியும். இரண்டு வெள்ளிக்கு ஒரு கட்டு வாங்கி, சைக்கிளில் மாட்டி, "மழ வருமா பாட்டி?" என்று கேட்டால் போதும்.

அடுத்து அவர் கேட்பது, "நீ எந்தத் தோட்டம்?" புதிதாக வருகிறவர்கள் இதற்கு முழிக்கிறார்கள். கோலாலம்பூரிலேயே பிறந்தவராக இருந்தாலும் உங்கள் அப்பாவோ தாத்தாவோ இருந்த தோட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஊர் பெயர். உங்களுக்கும் அவருக்கும் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகப் பெரும்பாலும் கேட்கிறார்கள். அம்மா வழிச் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார்கள்.

முறை வைத்துக் கூப்பிடுங்கள். நம் ஆட்களை அண்ணே, அக்கா, ஐயா, பாட்டி. மலாய்க்காரப் பெரியவர்களைப் பாக்சிக், மாக்சிக். சீனக் கடைக்காரரை அங்கிள். 'ஹலோ பாஸ்' எல்லாம் இளைஞர்களிடம் மட்டும்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. சம்பளம் எவ்வளவு என்று முதல் சந்திப்பில் கேட்காதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளியிடம் பெர்மிட், கடப்பிதழ் என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். குடிநுழைவு ஆள் என்று நினைத்து அவர் மட்டுமில்லை, பக்கத்தில் நின்ற நாலு பேரும் நகர்ந்துவிடுவார்கள். சமையல் கேளுங்கள், ஊர் கேளுங்கள், பிள்ளைகள் படம் காட்டுவார்கள்.

சம்பள வாரத்தில் ஏடிஎம் பக்கம் நிற்பதும், வேலையில்லாமல் பள்ளிக்கூட வாசலில் நிற்பதும் வேண்டாம்.

7. குறிப்பும் படமும்

555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகம் சட்டைப்பையில் அடங்கும், மலிவு, மழையில் நனைந்தாலும் வருத்தமில்லை. ஒரே ஒரு சிக்கல்: சாமான் கடைகள் கடன் எழுதுவது அதில்தான். லயத்து வாசலில் நின்று அதை எடுத்து எழுதினால் வசூலுக்கு வந்த ஆள் என்று கதவைச் சாத்துவார்கள். எழுதுவதைக் கோப்பிக் கடையில் உட்கார்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். பிள்ளைகளைப் பெற்றவர் இல்லாமல் எடுக்கவே வேண்டாம். தோட்டத்து ஆள் வீடு ஒழுகுகிறது, தண்ணீர் வரவில்லை என்று சொன்னதை முகத்தோடு முகநூலில் போடாதீர்கள். உங்களுக்கு லைக் வரும், அவரை ஆபீசுக்குக் கூப்பிடுவார்கள்.

8. மழை, புகை, மருந்து, நாய்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை அதிகம். இடி கேட்டால் செம்பனை மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடையோ கோயிலோ இருக்கும் பக்கம் திரும்புங்கள். புகைமூட்டக் காலத்தில் கிளம்புவதற்கு முன் காற்றின் ஐபியு (தூய்மைக்கேட்டுக் குறியீடு) அளவைப் பாருங்கள். 100ஐத் தாண்டினால் அன்று சைக்கிள் வேண்டாம்.

முதுகில் தொட்டி மாட்டிப் புல்லுக்கு மருந்து அடிக்கிறவர்களைக் கண்டால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020லிருந்து தடை; ஆனாலும் மற்ற மருந்தும் மூக்குக்கு நல்லதில்லை.

லயத்து நாய்கள் சைக்கிளைத்தான் துரத்தும், ஆளை அவ்வளவாக இல்லை. வேகமாக மிதித்தால் அவையும் வேகமாக வரும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் குரைத்துவிட்டுப் போய்விடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடியுரிமை உள்ளவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. ஐசி கேட்பார்கள். எந்த லயத்து நாய், கழுத்துப்பட்டை இருந்ததா என்றும் கேட்பார்கள், அதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் 12.15 முதல் 2.45 வரை அரசாங்க ஆபீஸ் கவுன்டர்கள் ஓய்வில் இருக்கும். அந்த நேரத்தில் கடிபட்டால் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.